பார்த்த வேலையிலிருந்து கதை எழுதுவது: ஒரு பயிலரங்கு பற்றிப் பத்திர எழுத்தரின் மதிப்பீடு

சென்ற மாதம் மதுரையில் சனி, ஞாயிறு இரு நாட்களும் நடைபெற்ற சிறுகதைப் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டேன். தாம் பார்த்த வேலைகளையும் வாழ்ந்த வாழ்க்கையையும் புனைவாக்குவது எப்படி என்பதே அதன் பொருள். மதிய உணவு உட்படக் கட்டணம் 2,500 ரூபாய். குறைகளையும் சொல்லவிருப்பதால் நடத்தியவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். சார்பதிவாளர் அலுவலக வாசலில் 28 ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கதைகள் கைவசம் ஏராளமாக இருக்கின்றன, மொழிதான் இல்லை என்று நினைத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது அந்தக் கணக்கு இடம் மாறியிருந்தது.

முதல் நாள் காலை, பயிற்றுநர் எழுத்தாளர் அசோகமித்திரனின் வாழ்க்கையிலிருந்து தொடங்கினார். சென்னையின் ஜெமினி திரைப்பட ஸ்டுடியோவில் அசோகமித்திரனுக்குத் தரப்பட்ட வேலை, செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளை வெட்டிக் கோப்புகளில் சேர்ப்பது. நாள் முழுவதும் காகிதம் கிழித்துக்கொண்டிருக்கும் அவருக்கு உருப்படியான வேலை எதுவும் இல்லை என்றே சுற்றியிருந்தவர்கள் எண்ணினார்கள். அங்கிருந்து விலகிய பின்னர் அவர் எழுதிய ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் நட்சத்திரங்களைவிடத் தயாரிப்பு நிர்வாகிகளும் உதவியாளர்களுமே அதிகம் நடமாடுகிறார்கள் என்பதை எடுத்துக்காட்டி, ஓரத்து மேசையிலிருந்து பார்த்தவனுக்குத் தெரியும் உலகம் வேறு என்று பயிற்றுநர் விளக்கியது நன்றாக இருந்தது.

கட்டணத்துக்கு ஈடான பகுதி அன்று பிற்பகலில் வந்தது. நாங்கள் பார்த்த வேலையின் ஒரு மணி நேரத்தை, சம்பவம் எதுவும் நிகழாமல், கருவிகளையும் கைகளையும் வழக்குச் சொற்களையும் மட்டும் வைத்து நாற்பது நிமிடங்களில் எழுதச் சொன்னார்கள். நான் விடுதலைப் பத்திரம் ஒன்றை, அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒருவர் எழுதித்தரும் பத்திரத்தை, எடுத்துக்கொண்டேன். கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு தரும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இலும், மத்தியச் சட்டத்தில் 2005-இலும் வந்தது. பங்கு உண்டு என்று சட்டம் சொன்ன பிறகுதான், அந்தப் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்க அண்ணன்மார் தங்கைகளைக் காரில் அழைத்துக்கொண்டு என்னிடம் வரலானார்கள். தங்கைக்குக் காப்பி வாங்கித் தரப்படும். நான் பத்திரத்தைப் படித்துக்காட்டுவேன். “மேற்படி சொத்தில் இனி எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை” என்ற இடம் வரும்போது சிலர் தலையை ஆட்டுவார்கள், சிலர் சுவரைப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, அண்ணன் எவ்வளவு பெரிய வஞ்சகன் என்று கடைசியில் ஆறு வரிகளும் சேர்த்திருந்தேன். பயிற்றுநர் அந்த ஆறு வரிகளையும் அடித்துவிட்டு, ‘பின்தொடர்ச்சி’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். ஆயிரம் முறை எழுதிய சொல்லை அன்றுதான் முதன்முதலாக வாசித்தேன். அதே போல, நிலத்தின் நான்கெல்லையை (நான்கு பக்கமும் யாருடைய நிலம் என்பதை) பழைய மூலப்பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுவதால், இறந்து நாற்பது ஆண்டுகளான மாடசாமியின் புஞ்சைக்கு இன்றும் நாங்கள் கிழக்கே நிற்கிறோம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். தொழில் எனக்குத் தந்திருந்தது சம்பவங்களைவிட இத்தகைய சொற்களையும் பார்வையையும்தான் என்பது அப்போது புரிந்தது.

இரண்டாம் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போட்டிகளுக்கு அனுப்புவது, பதிப்பாளரை அணுகுவது என்று காலைப் பொழுது போயிற்று. 26 பேருக்கு ஒரே பயிற்றுநர் என்பதால் பாதிப் பேரின் எழுத்து வாசிக்கப்படவே இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்த்திராத அம்மையார் ஒருவர் தாம் எதை எழுதுவது என்று கேட்டபோது தெளிவான பதில் கிடைக்கவில்லை. படுக்கையில் கிடந்த மாமியாரைப் பதினொரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டதிலிருந்து அவராகவே எழுதிய பக்கம்தான் எங்கள் அனைவருடையதையும்விடச் சிறந்தது. (சாப்பாட்டில் ரசம் பிரமாதம், நாற்காலிகள் இடுப்பைப் பதம் பார்த்தன.)

பெரிய குறை வேறு. நம்மை நம்பி வந்தவர்களின் இரகசியங்களை எழுதலாமா என்று ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் கேட்டார். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்று இரண்டே வாக்கியங்களில் விடை சொல்லி முடித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது போதாது: வாய்க்காலை ஒட்டிய நிலம், காரில் வந்த அண்ணன், சுவரைப் பார்த்த தங்கை என்று எழுதினாலே எந்தக் குடும்பம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். வேலை அனுபவத்தை எழுதுவதற்கென்றே நடத்தப்படும் பயிலரங்கில் இதற்கு ஓர் அமர்வாவது ஒதுக்கியிருக்க வேண்டும். அந்தத் தங்கையின் கதையை முடிக்காமல் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

நீண்ட காலம் ஒரே தொழிலில் இருந்து, எழுத உட்கார்ந்தால் தீர்ப்பு மட்டுமே வருகிறது என்று உணர்பவர்கள் தாராளமாகப் போகலாம். முன்பே எழுதிப் பழகியவர்களுக்கு அந்தப் பிற்பகல் தவிரப் புதிதாக எதுவும் கிடைக்காது. முதல் நாளை மட்டும் தனியாக 1,500 ரூபாய்க்கு நடத்தினால் நான் மறுபடியும் பணம் கட்டுவேன்.