பழைய பாரோமீட்டர் வாங்குகிறவர்களுக்கு: டயலில் நிற்கும் முள்ளை நம்பாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பழம்பொருள் வாங்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே நேர்மையான கடைகள் நிறைய உண்டு. நான் மாட்டிய கடை அந்த ரகமில்லை.

காற்றழுத்தத்தை அளந்து வானிலை காட்டும் பாரோமீட்டர் ஒன்று: பித்தளை வளையம், வெள்ளை டயல், சீமைச் சாமான். "பெரிய வீட்டுலேருந்து வந்தது தம்பி, நல்லா வேலை செய்யுது" என்றார் கடைக்காரர். முள் 30 அங்குலத்தில் (அழுத்தத்தைப் பாதரச உயரமாகச் சொல்லும் அளவு), 'ஃபேர்', அதாவது நல்ல வானிலை, என்ற எழுத்துக்கு நேராக நின்றது. வாங்கி வந்து பட்டாலையில் மாட்டினோம். ஐப்பசியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்து கண்மாய் நிறைந்தபோதும் அதே 'ஃபேர்'. எடுத்துப்போய்க் கேட்டேன். "நம்ம ஊரு வெயிலுக்கு அது அங்கேயேதான் நிக்கும்" என்று சொல்லி, சர்வீஸ் என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு பின்பக்கத் திருகை லேசாகத் திருப்பித் தந்தார். அந்தத் திருகை யார் வேண்டுமானாலும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருப்பலாம். அதற்குப் பெயர் சர்வீஸா?

அவர் சொன்ன காரணமும் தலைகீழ். நம் பக்கம் கோடையில்தான் காற்றழுத்தம் இறங்கும். தை மாதத்தில் அதைவிட ஏறி நிற்கும். டயலில் உள்ள ரெயின் (மழை), சேஞ்ச் (மாற்றம்), ஃபேர் எல்லாம் இங்கிலாந்து வானிலைக்காக எழுதியவை. இங்கே 'ஃபேர்' பக்கம் முள் நிற்கும்போதே மார்கழி மழை கொட்டும். எண்களை மட்டும் பாருங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் விஷயம்.

கடைசியில் மதுரையில் பழைய கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் திறந்து காட்டினார். உள்ளே காற்றை உறிஞ்சி மூடிய மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று இருக்கும். வெளிக்காற்று அதை அமுக்க அமுக்க முள் ஏறும். என்னுடையதில் சிமிழ் விரிசல் விட்டு உள்ளே காற்று புகுந்திருந்தது. அப்படியானால் முள் அழுத்தம் குறைந்த 'ஸ்டார்மி' (புயல்) பக்கம் விழுந்து கிடக்க வேண்டும். யாரோ முள்ளைப் பிடுங்கி 30-க்கு நேராகச் செருகியிருக்கிறார்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை போதும். பெரிய ஜிப் கவருக்குள் காற்றோடு கருவியைப் போட்டு மூடி, கவரை மெதுவாக அமுக்குங்கள். முள் ஏறினால் உயிர் இருக்கிறது. கடைக்காரர் இதற்கே முகம் சுளித்தால் நடையைக் கட்டுங்கள். வீட்டில் இன்னொன்று: நம் ஊரில் புயல் ஏதும் இல்லாத நாளிலும் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், மாலை நான்குக்குச் சுமார் 3 மில்லிபார் (வானிலைத் துறை அழுத்தத்தைச் சொல்லும் அளவு) இறங்கிவிடும். அங்குலக் கணக்கில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த அசைவுகூட இல்லாத கருவி செத்த கருவி.

நல்ல கருவி கிடைத்தால், வானிலை அமைதியான நாளில் தொண்டி அல்லது மதுரைக்கு வானிலைத் துறை தரும் கடல்மட்ட அழுத்தத்தை எடுத்து 33.86-ஆல் வகுங்கள், 1010 மில்லிபார் என்றால் 29.83 அங்குலம். கண்ணாடியை விரலால் லேசாகத் தட்டித் தட்டித் திருகைத் திருப்பி முள்ளை அங்கே கொண்டுவாருங்கள். முற்றத்து வெயில் படாத சுவரில் மாட்டினால் போதும், வீட்டுக்குள்ளும் வெளியிலும் அழுத்தம் ஒன்றுதான்.

காரைக்குடிக் கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பதிலுக்குப் பாதரசக் குழாய் வைத்த மரப் பாரோமீட்டர் ஒன்றைத் தருகிறேன் என்றார். அடிப்பலகையில் வெள்ளியாக மணிகள் உருண்டுகொண்டிருந்தன. கசியும் பாதரசம் வீட்டுக்குள் நஞ்சாக ஆவியாகும். உங்களிடமும் அதை நீட்டினால் வாங்காதீர்கள். பணம் இன்னும் வரவில்லை.