குடியை நிறுத்த எந்த மாத்திரை?

பெங்களூரு அல்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை தூரமில்லை. சிக்கல், எந்த மாத்திரை என்பதில்தான்.

டைசல்ஃபிரம் பயத்தை வைத்தே வேலை செய்கிறது. குடித்தால் உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் தேங்கி முகம் சிவக்கும், வாந்தி, படபடப்பு வரும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரைகூட இது வரலாம். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் ஆகாது. குடிப்பவருக்குத் தெரியாமல் இதைச் சாம்பாரில் கலப்பது (நம் வீடுகளில் நடப்பதுதான்) பெரிய தப்பு.

நால்ட்ரெக்ஸோன் வழக்கமாக நாளுக்கு 50 மில்லிகிராம். குடித்தாலும் கிக் குறையும், ஏக்கமும் தணியும். ஓபியாய்டு (அபின், ஹெராயின், மார்ஃபின் வகை) பழக்கமும் இருந்தால் அதை விட்டு 7–10 நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

இரண்டுக்கும் ஈரல் பரிசோதனை உண்டு. எதிரில் நின்று விழுங்கவைக்க ஆள் இல்லாத வீட்டுக்கு டைசல்ஃபிரம் சரிப்படாது என்பேன்.