டிஸ்கவர் பாஸும் மீன்பிடி லைசென்ஸும்: விலை ஏறிய பிறகு வாங்கலாமா?

வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன், மற்றவர்கள் சும்மா வேடிக்கைக்குப் படிக்கலாம். 2025இல் இங்கே இரண்டு விலைகள் ஏறின. ஜூலை 1 முதல் மீன்பிடி, வேட்டை லைசென்ஸ் கட்டணங்கள் சுமார் 38 சதவீதம் உயர்ந்தன. அக்டோபர் 1 முதல் டிஸ்கவர் பாஸ், அதாவது மாநிலத்தின் பூங்கா, காடு போன்ற இடங்களில் வண்டி நிறுத்தும் அனுமதிச் சீட்டு, வருடத்துக்கு 30 டாலராக இருந்தது 45 ஆனது, கூடவே பரிவர்த்தனைக் கட்டணம் தனி. ரெட்மண்ட், சமாமிஷ், பாத்தெல் பக்கம் வார இறுதியில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும் நம்மவர்கள் பலரும் இது இன்னும் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள், ஏனென்றால் கரடிக்கும் சால்மனுக்கும் போகிறது என்று நம்பி பாஸ் வாங்குபவர்களின் காசு பெரும்பாலும் கழிப்பறைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும்தான் போகிறது. அதுவும் தேவையான செலவுதான், குறை சொல்லவில்லை.

முதலில் டிஸ்கவர் பாஸ். 2011இல் வந்தது. மாநிலப் பூங்காக்கள், இயற்கை வளத்துறையின் காடுகள், மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் நிலங்கள், இந்த மூன்றிலும் வண்டியை நிறுத்த இது வேண்டும். ஒரே பாஸை இரண்டு வண்டிகளுக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம், இரண்டு நம்பர் பிளேட்டையும் அதிலேயே எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது. இரண்டு கார் வைத்திருக்கும் வீட்டுக்கு நல்ல வசதி. ஒருநாள் பாஸ் 10 டாலர், அதனால் வருடத்தில் ஐந்து முறைக்கு மேல் வெளியே போகிறவர் கணக்குப் போடவே வேண்டாம். பாஸ் இல்லாமல் மாட்டினால் அபராதம் 99 டாலர்.

வரும் பணத்தில் 84 சதவீதம் மாநிலப் பூங்காக்களுக்கு. மிச்சத்தை மற்ற இரண்டு துறைகளும் ஆளுக்கு 8 சதவீதமாகப் பிரித்துக்கொள்கின்றன. அதாவது 30 டாலர் பாஸில் வனவிலங்குத் துறைக்குக் கிடைத்தது இரண்டரை டாலருக்கும் குறைவு. இதற்கு நடுவில் வருடாவருடம் கார் பதிவைப் புதுப்பிக்கும்போது 5 டாலர் நன்கொடை ஒன்று தானாகவே சேர்ந்திருக்கும், வேண்டாம் என்று நாம்தான் எடுக்க வேண்டும். அதுவும் பூங்காக்களுக்கே. அதைக் கவனிக்காமல் கட்டிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள், பூங்காவுக்குப் போகிற பணம் என்பதால் நான் எடுப்பதில்லை.

பாஸின் குறை, அது எங்கே செல்லாது என்பதுதான். தேசிய வனத்துறையின் மலைப்பாதைக்கு நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ், மவுண்ட் ரெய்னியருக்குத் தேசியப் பூங்கா பாஸ், குளிர்காலத்தில் பனி பார்க்க ஸ்னோ பார்க் அனுமதி, எல்லாம் தனித்தனி. ஊருக்குப் புதிதாக வந்தவர் ஒரு பாஸை வாங்கி எல்லா இடத்துக்கும் சரி என்று நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இலவச நாட்கள் என்று வருடத்தில் சில நாள் அறிவிப்பார்கள், அது மாநிலப் பூங்காக்களுக்கு மட்டும். வனவிலங்குத் துறையின் நிலத்தில் அன்றைக்கும் பாஸ் வேண்டும். காசு செலவழிக்க மனமில்லை என்றால் உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், பல நூலகங்கள் டிஸ்கவர் பாஸைப் புத்தகம் போலவே கடன் தருகின்றன.

அடுத்து மீன்பிடி லைசென்ஸ். என் பார்வையில் இதுதான் நல்ல சரக்கு, விலை ஏறிய பிறகும். வருடாந்திர நன்னீர், கடல்நீர், அல்லது இரண்டும் சேர்ந்த காம்போ, எதை வாங்கினாலும் கூடவே வண்டி நிறுத்தும் அனுமதி ஒன்று இலவசமாக வரும். அது வனவிலங்குத் துறையின் இடங்களில் மட்டும்தான் செல்லும். ஆனால் அந்தத் துறையிடம் சுமார் 10 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது, ஏரிகளிலும் ஆறுகளிலும் படகு இறக்கும் இடங்கள் நூற்றுக்கணக்கில். நீங்கள் போவது அப்படிப்பட்ட ஏரிக்கரைகளுக்கு மட்டும் என்றால் டிஸ்கவர் பாஸே தேவைப்படாது. 14 வயது வரை குழந்தைகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு வார இறுதியில் பெரியவர்களுக்கும் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம், பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்க நினைப்பவர்கள் அன்றைக்குப் போய்ப் பார்க்கலாம்.

நண்டு என்றால் நம் ஆட்களுக்குத் தனி உற்சாகம், தெரியும். பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் டஞ்சனெஸ் வகை நண்டில் ஆண் மட்டும், ஓடு குறுக்கே ஆறேகால் அங்குலம் இருக்க வேண்டும், ஓடு கெட்டியாக இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து. அளவுகோல் இல்லாமல் போகாதீர்கள். வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு நண்டையும் பதிவு அட்டையில் உடனே குறிக்க வேண்டும், சீசன் முடிந்ததும் கணக்கை அனுப்ப வேண்டும். ஒரு நண்டு கூடப் பிடிக்கவில்லை என்றாலும் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் லைசென்ஸ் வாங்கும்போது 10 டாலர் சேர்த்துப் போட்டுவிடுவார்கள்.

விதிப்புத்தகத்துக்கு மட்டும் தாராளமாக மதிப்பெண் குறைக்கலாம். எந்த ஆற்றில், எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை, எந்தத் தேதியில், எந்த மீனை வைத்துக்கொள்ளலாம், எதைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்று பக்கம் பக்கமாக ஓடும், அதற்கு மேல் அவசர மாற்றங்கள் நடுவில் வந்துகொண்டே இருக்கும். செயலி ஒன்று இருக்கிறது, நிற்கும் இடத்தை வைத்து விதியைச் சொல்லும், புத்தகத்தை விட அது பரவாயில்லை. ஆனால் இந்தச் சிக்கல் முழுக்க அதிகாரிகளின் வேலை அல்ல. பியூஜெட் சவுண்டின் சினூக் சால்மன் 1999 முதல் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களுக்கான மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தந்த தீர்ப்பு: 1850களின் ஒப்பந்தங்களின்படி பிடிக்கக்கூடிய மீனில் பாதி பழங்குடி இனங்களுக்குச் சேர வேண்டும். அதனால்தான் இப்போது மாநிலமும் பழங்குடி அரசுகளும் சேர்ந்து உட்கார்ந்துதான் ஒவ்வொரு வருடமும் சால்மன் சீசனைப் பேசி முடிக்கிறார்கள். அந்தப் பேச்சின் முடிவுதான் நம் கையில் புத்தகமாக வருகிறது.

வனவிலங்குத் துறை தருவதிலேயே சிறந்தது எது என்றால் இசக்வா ஊரின் மீன் குஞ்சு பொரிப்பகத்தைச் சொல்வேன், அதற்கு ஒரு காசு கிடையாது. 1936இல் கட்டியது, ஊரின் நடுவிலேயே இருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை சினூக், கோஹோ வகை சால்மன்கள் கடலிலிருந்து ஏறி வந்து அந்த ஓடையில் தடுப்பின் மேல் தாவுவதைப் பாலத்தில் நின்று பார்க்கலாம், கண்ணாடி வழியாகப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு வார இறுதியில் ஊரே திருவிழா கொண்டாடும், அன்று கார் நிறுத்த இடம் கிடைக்காது, வார நாளில் போங்கள்.

சரி, ஏன் விலை ஏறியது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம் ஊரில் வேட்டை குற்றம், வனத்துறை நடப்பது அரசுப் பணத்தில். அமெரிக்காவில் நேர்மாறாக வளர்ந்திருக்கிறது. வேட்டையாடுபவரும் மீன் பிடிப்பவரும் கட்டும் லைசென்ஸ் பணத்தில்தான் மாநில வனவிலங்குத் துறைகள் நிமிர்ந்தன. 1937இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 10, 11 சதவீத வரி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது, 1950இல் தூண்டில் சாமான்களுக்கும் அதே ஏற்பாடு வந்தது. ஒரு மாநிலத்துக்கு எவ்வளவு என்பது அதன் நிலப்பரப்பையும் அங்கே எத்தனை பேர் லைசென்ஸ் வாங்குகிறார்கள் என்பதையும் பொறுத்தது. லைசென்ஸ் வாங்குபவர்கள் குறைந்தால் கட்டணமும் போச்சு, மத்தியப் பணமும் போச்சு. நாடு முழுக்க வேட்டைக்காரர்கள் 1980களிலிருந்து குறைந்துகொண்டுதான் வருகிறார்கள். மக்கள்தொகை ஏறுகிறது, காட்டுக்கு நடக்கப் போகிறவர்கள் ஏறுகிறார்கள், பறவை பார்ப்பவர்கள் ஏறுகிறார்கள். பைனாகுலருக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

வாஷிங்டன் துறையின் கதை இந்தப் பின்னணியில்தான். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பொது நிதியிலிருந்து வரும் பணம் பெரிய அளவில் வெட்டப்பட்டது. 2019-21 பட்ஜெட்டுக்குச் சுமார் 3.1 கோடி டாலர் பள்ளம் விழுகிறது என்று துறை கையை விரித்தது. லைசென்ஸ் கட்டணத்தை 15 சதவீதம் ஏற்றுங்கள் என்று கேட்டது, சட்டமன்றம் ஏற்றவில்லை, அந்த முறைக்கு மட்டும் பொது நிதியிலிருந்து கொஞ்சம் கொடுத்துச் சமாளித்தது. 2011க்குப் பிறகு கட்டணமே ஏறவில்லை, பெட்ரோலும் சம்பளமும் மீன் தீவனமும் ஏறிக்கொண்டே இருந்தன. பதினான்கு வருடம் தள்ளிப்போட்டதை ஒரே அடியாக 38 சதவீதமாக இறக்கியதால்தான் எல்லோருக்கும் உறைக்கிறது. அதே 2025இல் மாநிலத்துக்கே பெரிய பட்ஜெட் பற்றாக்குறை, துறைக்குப் போன பொது நிதியிலும் கத்தி விழுந்தது. வேட்டைக்கும் தூண்டிலுக்கும் சம்பந்தமில்லாத உயிர்களைக் காப்பாற்ற 2023இல் முதல்முறையாகப் பெரிதாக 2.3 கோடி டாலர் கொடுத்திருந்தார்கள், அதிலும் வெட்டு. தவளைக்கும் பட்டாம்பூச்சிக்கும் லைசென்ஸ் விற்க முடியாது என்பதால் எப்போதும் அவைதான் முதலில் அடிபடுகின்றன.

பணம் இப்படி என்றால் கொள்கைச் சண்டை அதைவிடச் சூடு. இந்தத் துறையை நடத்துவது ஒன்பது பேர் கொண்ட ஆணையம். ஆளுநர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தர வேண்டும், காஸ்கேட் மலைக்குக் கிழக்கே மூன்று பேர், மேற்கே மூன்று பேர், மாநிலத்தின் எந்தப் பகுதியிலிருந்தும் மூன்று பேர். இயக்குநரை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் இவர்கள்தான். 2021 நவம்பரில் வசந்தகாலக் கரடி வேட்டை வேண்டுமா என்று வாக்கெடுத்தார்கள், ஓர் இடம் காலியாக இருந்ததால் 4க்கு 4, அதனால் 2022 சீசன் நின்றது. அடுத்த ஆண்டு நவம்பரில் 5க்கு 4 என்று பொழுதுபோக்கு வசந்த வேட்டையையே நிறுத்தினார்கள். கரடித் தொகை இதைத் தாங்கும் என்றது துறையின் பணியாளர் தரப்பு. குட்டியோடு இருக்கும் தாய்க்கரடி சாகும், எதற்கு இந்த வேட்டை என்றது இன்னொரு தரப்பு. 2024 ஜூலையில் ஓநாய் விஷயம். மாநிலத்தில் 'அழியும் ஆபத்தில்' என்ற தகுதியை ஒரு படி இறக்கலாம் என்று துறை சொன்னது, ஆணையம் மறுபடியும் 5க்கு 4 என்று வேண்டாம் என்றது. கிழக்குப் பக்கம் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் கோபம். ஆனால் தெற்கு காஸ்கேட் பகுதியில் ஓநாய் அப்போது காலூன்றியிருக்கவில்லை என்பதும் உண்மை. 2024ஆம் ஆண்டு இறுதியில் எண்ணியபோது மாநிலத்தில் 230 ஓநாய்கள்தான் இருந்தன, முந்தைய ஆண்டை விடக் குறைவு, பதினாறு வருடத்தில் முதல் சரிவு.

'நாங்கள் காசு கட்டுகிறோம், நாங்கள் சொல்வதைக் கேளுங்கள்' என்பது வேட்டைக்காரர்களின் வாதம். வரலாறு என்று பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு இந்தத் துறைக்கு லைசென்ஸ் பணத்தை விட மாநிலப் பொது நிதியிலிருந்து வருவதே அதிகம். கடையில் சாமான் வாங்கும் ஒவ்வொருவரும் விற்பனை வரி வழியாக அதற்குக் கட்டுகிறோம், தூண்டிலைத் தொட்டே பார்க்காதவர் உட்பட. வனவிலங்கு சட்டப்படி எல்லோருடைய பொதுச் சொத்தும்கூட. இந்தப் பக்கம், கரடியைச் சுடாதே என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுபவர்கள் லைசென்ஸ் கட்டணத்துக்குப் பதிலாக வேறு நிலையான வருமானம் எங்கிருந்து வரும் என்று அதே உற்சாகத்தோடு பேசுவதில்லை, அதில் எனக்கு எரிச்சல்தான். மிசூரியில் 1976இலேயே மக்கள் வாக்களித்து ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கு விற்பனை வரியை வனவிலங்குக்கென்று ஒதுக்கிவிட்டார்கள், இன்றுவரை அங்கே துறை பெரும்பாலும் அதில் நடக்கிறது. கொலராடோவில் 2023இல் வண்டிப் பதிவோடு சேர்த்து 29 டாலருக்குப் பூங்கா பாஸ் கொண்டுவந்தார்கள், வேண்டாதவர் மறுக்கலாம், வாங்குபவர்கள் அதிகமானதால் விலையைக் குறைவாகவே வைக்க முடிந்தது. இங்கே 5 டாலர் நன்கொடையை அதே வழியில் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் செய்யத் தெரியாதா? தேசிய அளவில் வனவிலங்குப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்கு வருடம் சுமார் 140 கோடி டாலர் தரும் மசோதா ஒன்று 2022 ஜூனில் பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது, செனட்டில் நின்றுபோனது.

இவ்வளவுக்குப் பிறகு என் தீர்ப்பு. டிஸ்கவர் பாஸுக்கு ஐந்துக்கு நான்கு, 45 டாலரிலும். மீன்பிடி லைசென்ஸுக்கும் நான்கு. வனவிலங்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால் இரண்டில் இதையே வாங்குங்கள், இதன் பணம் சட்டப்படி துறையின் வேலையைத் தவிர வேறெதற்கும் போக முடியாது, தூண்டிலைப் பெட்டியிலிருந்து எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. விதிப்புத்தகத்துக்கு இரண்டு. ஆணையத்துக்கு நட்சத்திரம் போட வேண்டாம், கூட்டங்களை இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு பேசலாம், நம் ஆட்களை அங்கே நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனம். டிஸ்கவர் பாஸ் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் ஓடும். லைசென்ஸ் அப்படி இல்லை, ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிந்துவிடும், பிப்ரவரியில் வாங்கினால் பெரும்பகுதிக் காசு வீண். ஏரிகளில் டிரவுட் மீன் சீசன் ஏப்ரல் நான்காவது சனிக்கிழமை திறக்கிறது, அதற்கு முந்தைய வாரம் வாங்கினால் போதும்.