இறால் தீவன இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

1,85,000 ரூபாய். தேவிபட்டினம் பக்கம் இரண்டு இறால் குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் எனக்கும் என் தம்பிக்கும் அது ஓர் அறுவடையின் மிச்சம். வனாமி என்ற இறால் வகையின் வளர்ப்பில் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடுகிறது. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் கரைக்கு வரும் நாட்களில் சங்காயம் (சாப்பாட்டுக்கு விலைபோகாத பொடிமீன்) மலிவாகக் கிடைப்பதால், அதைக் காயவைத்துத் தூளாக்கி நாமே தீவனம் செய்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, இயந்திரங்கள் விற்கும் இணையத்தளம் ஒன்றின் வழியாக ஒரு வியாபாரியைப் பிடித்தோம். வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் ஏமாந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய பட்டறைக்கே போய் இயந்திரத்தை ஓட்டச் சொல்லிப் பார்த்தோம். சூடாகவும் பளபளப்பாகவும் விழுந்த தீவனக் குச்சிகளில் நான்கை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து அரைமணி நேரம் பேசினார். பிறகு அதிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "நீங்களே நசுக்கிப் பாருங்க அண்ணே" என்றார். அது ஊறிப் பருத்திருந்ததே தவிர உடையவில்லை. அந்தக் குச்சியைக் கையில் பிடித்தபடியே, மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்ற பேச்சை நம்பி, 1,85,000 ரூபாயையும் கைப்பேசியிலிருந்து அனுப்பினேன். அவர் அவிழ்த்த மாவு மூட்டையின் வாயிலிருந்து ஆவி வந்ததைப் பார்த்தும் ஏன் என்று கேட்காமல் விட்டேன்.

வீட்டுக்கு வந்த இயந்திரத்தில் எங்கள் கலவையைப் போட்டபோதும் குச்சிகள் விழத்தான் செய்தன. ஆனால் செக் ட்ரே என்ற வலைத்தட்டில் வைத்துக் குட்டையில் இறக்கி, பத்து நிமிடத்தில் தூக்கிப் பார்த்தால் வலையில் சேறுபோல ஒரு படலம்தான் இருந்தது. இறால் தீவனத்தைக் கவ்விக் கொறித்து மெதுவாகத் தின்னும் உயிர் என்பதால், குச்சி இரண்டு மணி நேரமாவது தண்ணீரில் உருக்குலையாமல் நிற்க வேண்டும்; கரைந்தது அத்தனையும் குட்டையின் அடியில் அழுகி நீரைக் கெடுக்கும்.

தீவன ஆலையில் பல வருடம் வேலை பார்த்த உறவினர் ஒருவர் வந்து பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. இடியாப்பத்துக்குக் கொதிநீர் ஊற்றிப் பிசைந்த மாவு நாழியில் இழையாக இறங்குவதும், பச்சைத் தண்ணீரில் பிசைந்தது அறுந்து விழுவதும் எதனாலோ, அதேதான் இங்கேயும். கோதுமை மாவில் உள்ள மாவுச்சத்து, ஈரத்தோடு ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வீங்கிப் பசையாகிறது. அப்படி வெந்த கலவை, உருளை அழுத்தித் தேய்க்கும்போது பாகுத்தன்மை குறைந்து, அதாவது இளகி, அச்சுத் தகட்டின் துளைக்குள் ஓடும்; வெளியே வந்து ஆறியதும் இறுகிக்கொள்ளும். அதற்காகவே ஆலைகளில் அச்சுக்கு முன்னால் நீராவி செலுத்தும் கலம் இருக்கிறது. எங்களுக்கு வந்த இயந்திரத்தில் அது இல்லவே இல்லை. பட்டறையில் வியாபாரி போட்டுக் காட்டியது முன்கூட்டியே ஆவியில் வேகவைத்த மாவு! அதோடு, 2 மில்லிமீட்டர் துளையுள்ள அச்சுத் தகட்டின் தடிமன் 40 மில்லிமீட்டர் என்று வாயால் சொன்னவர், அனுப்பியது 20. துளையின் நீளம் பாதியானதால், கலவை அதற்குள் அழுத்தப்பட்டு இறுகுவதற்குப் போதிய தூரமே இல்லை. சங்காயத் தூளின் எண்ணெய்ப்பசை வேறு கலவையை வழுக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

வியாபாரியின் எண்ணுக்கு அழைத்தோம். முதல் அழைப்பில் "உங்க மாவுல ஈரம் பத்தல" என்றார்கள். அடுத்ததில் மின்னழுத்தம் குறைவு என்றார்கள். பிறகு இஞ்சினியர் திங்கட்கிழமை வருவார் என்றார்கள். மூன்று திங்கட்கிழமைகள் போய்விட்டன. இணையத்தளத்துக்காரர்களோ, வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பது மட்டுமே தங்கள் வேலை என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். நேற்றிலிருந்து அந்த வியாபாரியின் எண்ணுக்கு அழைப்பே போகவில்லை. 1,85,000 ரூபாய் இரும்பாக மாறித் தார்ப்பாய்க்குள் உப்புக்காற்றில் துருவேறிக் கிடக்கிறது.

விரிவாக எழுதும் நிலையில் இப்போது நான் இல்லை. உங்கள் மாவை, பச்சையாக, நீங்களே மூட்டை கட்டிக் கொண்டுபோய் ஓட்டச் சொல்லுங்கள். குச்சியைக் காயவைத்து, உங்கள் குட்டைத் தண்ணீரிலேயே இரண்டு மணி நேரம் போட்டுப் பாருங்கள். தகட்டின் தடிமனையும் நீராவிக் கலத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். இயந்திரம் உங்கள் இடத்தில் ஓடும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை புகார் பதிந்திருக்கிறேன்.