ரேடியேட்டருக்குப் பணம் கொடுக்கும் முன் காற்றாடி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று பாருங்கள்

கோலாலம்பூரில் யமஹா ஒய்15 மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரை, பெரிதாக மாற்றிவிட்டு, இப்போது சூடு தாங்காமல் பெரிய ரேடியேட்டர் போட பட்டறை தேடிக்கொண்டிருந்தால் கட்டாயம் படியுங்கள். நான் 1,650 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது ஒய்சுக்கு. 15 நிமிஷம் என்றால் மலாயில் சுக்கு, அதாவது கால் மணி, அதனால் ஒய்15-க்கு அந்தப் பெயர். என் அம்மாவுக்கு அது இஞ்சிச் சுக்குதான். "அந்தச் சுக்கு மோட்டார எடுக்காதடா, காரமா ஓடுது" என்பார். கம்பெனியில் இருந்து வரும்போது 57 எம்எம் பிஸ்டன், கிட்டத்தட்ட 150 சிசி. நான் 62 எம்எம் பிளாக் போட்டேன், 177 சிசி ஆனது. ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, அனுமதி இல்லாமல் இதைச் செய்வது குற்றம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் செய்தேன். இது ஏன் முக்கியம் என்று பின்னால் வரும்.

அதிகம் எரித்தால் சூடும் அதிகம்தான். தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர் மாட்டியிருந்தேன். சாதாரணமாக 85, 90 காட்டும். ஜாமில் நின்றால் 100-ஐத் தாண்டும். நண்பன் ஒருவன் கெப்போங் பக்கம் ஒரு பட்டறையைச் சொன்னான், நம்மாள் கடை. போய்ப் பார்த்தேன். தௌக்கே, அதாவது கடை முதலாளி, நன்றாகப் பேசினார். "தம்பி, தாய்லாந்து சாமான், ரெண்டு அடுக்கு அலுமினியம், புது ஃபேன், புது கூலண்ட், எல்லாம் சேர்த்து 680. ரேஸ் ஓடுற பசங்க எல்லாம் இதான் போடுறாங்க." வாட்சப்பில் படமும் அனுப்பினார், கூடவே "பாரு தம்பி, பொட்டி புதுசு" என்று ஒரு குரல் செய்தி. அதை நான் அழிக்காமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

வியாழக்கிழமை விட்டேன், சனிக்கிழமை எடுத்தேன். ரேடியேட்டர் கறுப்பாகப் பளபளத்தது. கழற்றிய பழையது எங்கே என்று கேட்டேன். "அது குப்பைலா, தூக்கிப் போட்டாச்சு." அங்கேயே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். ஓட்டை இல்லாத ஒரிஜினல் ஒய்15 ரேடியேட்டரை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள், அதற்கு விலை இருக்கிறது. ரசீதில் "ரேடியேட்டர் செர்விஸ் 680" என்று ஒரே வரி. அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை பத்துமலை தாண்டி உலு யாம் வரை ஓட்டினேன். மீட்டர் 82-இல் அசையாமல் நின்றது. சந்தோஷம் தாங்கவில்லை. நண்பனுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன்.

திங்கள் மாலை ஜாலான் துன் ரசாக். மோட்டார்தானே, இடுக்கில் புகுந்து போகலாமே என்பீர்கள். ஆறு மணிக்கு அங்கே இடுக்கும் ஜாம்தான். ஐந்து நிமிஷத்தில் மீட்டர் 112. பழைய ரேடியேட்டரில் கூட நான் பார்க்காத எண். காற்றாடி ஓடும் சத்தம் கேட்கிறது, சூடு மட்டும் ஏறுகிறது. நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்தால் உடனே இறங்குகிறது.

ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் கொதிப்பு. இந்த ஒரு அடையாளத்தை வைத்தே யாராவது கண்டுபிடித்திருக்கலாம். ஓடும்போது எதிர்க்காற்று வேலையைச் செய்துவிடும், நிற்கும்போது காற்றாடி மட்டும்தான் துணை. சமீபத்தில், பனிமேல் ஓட்டும் பனிமோட்டார் வீடியோ ஒன்றில் பார்த்தேன்: அந்த வண்டிகளில் பெரும்பாலும் நம்முடையது போல முன்னால் ரேடியேட்டர் நம்பி ஓட்டுவதில்லை. பெல்ட் சுழன்று அள்ளி அடிக்கும் பனிதான் அடியில் இருக்கும் கூலரைக் குளிர வைக்கிறது. வெறும் கட்டிப் பனி மேல் ஓட்டினால், சுற்றிலும் உறைபனி இருந்தாலும் எஞ்சின் கொதித்துவிடும். 33 டிகிரி வெயிலில் நமக்கு அந்தப் பனி வேலையைச் செய்வது இந்தக் கையளவுக் காற்றாடி.

தௌக்கேயிடம் திரும்பிப் போனேன். "62 பிளாக்குன்னா அப்படித்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு, தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்ற 40 வெள்ளி வாங்கினார். ரேடியேட்டர் மூடியில் அழுத்த அளவு 1.1 என்று எழுதியிருந்ததை எடுத்துவிட்டு, 1.3 என்று போட்ட சிவப்பு "ரேசிங்" மூடி மாட்டி 60 வெள்ளி வாங்கினார். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் சூடேற நேரம் ஆகும், அவ்வளவுதான், ஜாமில் குளிர்ந்துவிடாது. மூடி இன்னும் மோசம். அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு மூன்று டிகிரி ஏறும், ஆனால் சூடு எங்கேயும் போகாது. அந்தக் கூடுதல் அழுத்தத்தை ரேடியேட்டரும் ஹோசும்தான் தாங்க வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு, 'சரி, அனுபவசாலி சொல்கிறார்' என்று தலையாட்டினேன்.

ஒன்பது நாள். செந்தூல் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது காலில் சுடுதண்ணீர் தெறித்தது. நிறுத்துவதற்குள் வெள்ளைப் புகை. எண்ணெய் மூடியைத் திறந்தால், டின் பால் ஊற்றிய தேத்தண்ணி மாதிரி கலங்கல். தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

செகாம்புட்டில் என் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு சீன அங்கிள் சின்னக் கடை வைத்திருக்கிறார். அங்கே தள்ளிக்கொண்டு போனோம். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. காற்றாடிக்கு நேராக பேட்டரி கரண்டு கொடுத்தார். டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தார். காற்றாடி காற்றைப் பின்னுக்கு இழுத்தால் பேப்பர் ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. அவர் முகத்துக்கு நேராகப் பறந்தது. இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தார், பேப்பர் சப்பென்று ஒட்டியது. ஒயரை மாற்றிச் சொருகியிருக்கிறார்கள், காற்றாடி தலைகீழாகச் சுற்றி, வருகிற காற்றையும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று வாரமாக நான் பார்த்த 112-க்குக் காரணம் அந்த இரண்டு ஒயர்.

அதோடு முடியவில்லை. ஒரு துணியில் தின்னர் நனைத்து ரேடியேட்டரைத் துடைத்தார். கறுப்பு பெயிண்ட் கையோடு வந்தது. அடியில் மடங்கிப்போன தகடுகள், இடது ஓரத்தில் சாம்பல் நிறப் பசை பூசிய பழைய ஓட்டை. தாய்லாந்தும் இல்லை, இரண்டு அடுக்கும் இல்லை, யாரோ விழுந்து அடிபட்ட வண்டியில் இருந்து கழற்றியது. தண்ணீர் பீறிட்டது சரியாக அந்தப் பசை போட்ட இடத்தில்தான். 1.3 மூடியின் அழுத்தத்தை அது தாங்கவில்லை.

மிச்சம் இருந்த பச்சைக் கூலண்டில் ஒரு சொட்டு எடுத்து, கூலண்ட் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் விட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். கோடு சுழியத்தை விட்டு நகரவில்லை. பைப்புத் தண்ணீரில் பச்சைச் சாயம். நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இங்கே அது உறையாமல் இருப்பதற்காக இல்லை. அலுமினியம் அரிக்காமல் இருக்கவும், சீக்கிரம் கொதிக்காமல் இருக்கவும்தான்.

கேஸ்கெட், ஹெட்டைச் சமப்படுத்தியது, எண்ணெய், நல்ல கூலண்ட், நல்ல நிலையில் இருந்த செகண்ட் ஹேண்ட் ஒரிஜினல் ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 870 வெள்ளி. பழைய ரேடியேட்டரைக் கழுவி, காற்றாடியைச் சரிபார்த்திருந்தாலே உனக்குப் போதும் என்றார் அங்கிள். அதற்குக் காசு கேட்கவில்லை, திட்டு மட்டும்தான்.

படங்களோடு கெப்போங் போனேன். தௌக்கே அசரவில்லை. "எங்க வேணா போய்ச் சொல்லு தம்பி. 62 பிளாக்கு போட்ட மோட்டாரு. ஜேபிஜே மொதல்ல உன்னத்தான் கேக்கும்." இதுதான் அவருடைய முழு வியாபாரமும். மாற்றம் செய்த வண்டிக்காரன் புகார் கொடுக்க மாட்டான் என்ற நம்பிக்கை. இரண்டு நாள் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. முதலில் பழைய பிளாக்கைத் திரும்பப் போட்டேன். அப்புறம் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிந்தேன். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வைக்க முடியாது, அதனால் அவரும் நேரில்தான் வந்து பேச வேண்டும். நான் கேட்டது பிளாக்கைப் பற்றி இல்லை. புதுசு என்று சொல்லிப் பழசை விற்றதைப் பற்றி. "பொட்டி புதுசு" குரல் செய்தியையும், பெயிண்ட் உரிந்த படங்களையும் சேர்த்துக் கொடுத்தேன்.

கடிதம் அவர் கைக்குப் போன வாரமே போன் வந்தது. இந்த முறை "தம்பி" இல்லை, "பாஸ்". 780 கேட்டேன், 500 கொடுத்தார். இழுத்தடிக்க எனக்கும் லீவு இல்லை, வாங்கிக்கொண்டு கோரிக்கையை மீட்டுக்கொண்டேன். மாமாக் சாப்பாட்டுக் கடையில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்த ரேடியேட்டரைத் திருப்பித் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை. கொடுக்கவில்லை. எங்கள் ஃபிளாட் படிக்கட்டுக்கு அடியில் இன்னும் கிடக்கிறது, பாதிப் பெயிண்டோடு.