நெல்லையில் "இத்தாலியன் நைட்": முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பைபாஸ் பக்கம் ஒரு ரெஸ்டாரண்டில் சனிக்கிழமை தோறும் "இத்தாலியன் நைட்" நடக்கிறது. இத்தாலி வைன், நாலு வகைச் சாப்பாடு, லைவ் மியூசிக் எல்லாம் சேர்த்து ஜோடிக்கு 4,500 ரூபாய். பாதியை ஜிபேயில் முன்னாலேயே அனுப்பினால்தான் டேபிள். அங்கே போய் ஏமாந்து வந்த இரண்டு ஜோடிகள் கொடுத்த பில், மெனு, போட்டோக்களை வைத்துத்தான் இந்தப் பதிவு. புகார் நடப்பில் இருப்பதால் கடைப் பெயர் வேண்டாம். இதே பேக்கேஜை வேறு பெயரில் வேறு கடைகளும் போடலாம் என்பதால், பெயரை விட ஏமாற்றும் வழியைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

முதலில் பில். அதில் மூன்றே லைன்: பேக்கேஜ் 2 - 9,000. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் - 900. ஜி.எஸ்.டி. 5 சதவீதம் - 495. மொத்தம் 10,395. வைன் என்ற சொல்லே இல்லை. இந்தக் கடையின் வித்தை முழுவதும் பேக்கேஜ் என்ற அந்த ஒற்றை லைனுக்குள்தான் இருக்கிறது. எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போடாததால், எதைக் குறை சொன்னாலும் "அது பேக்கேஜில் வருது" என்று ஒரே பதில்.

குடிக்கிற மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வரிதான். உரிமம் உள்ள ஹோட்டலில் மதுவுக்கான கணக்கு சாப்பாட்டிலிருந்து தனியாக வரும். மொத்தத் தொகைக்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள் என்றால், ஒன்று அது வைனே இல்லை, அல்லது கணக்கில் வராத வைன். தமிழ்நாட்டில் ஹோட்டலில் மது பரிமாற எப்.எல்.3 உரிமம் வேண்டும். சாதாரண ரெஸ்டாரண்டுக்கு அது இருக்காது. உரிமம் இல்லாத இடத்தில் வைன் வாங்கிக் குடித்துவிட்டு, சரியில்லை என்று புகார் கொடுக்கப் போகிறவருக்கே வயிறு கலங்கும். அந்தப் பயத்தை நம்பித்தான் தொழில் நடக்கிறது.

ஜி.எஸ்.டி. வாங்கியிருக்கிறார்கள், ஆனால் பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை. அது 15 எழுத்து எண், தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் கடையின் பெயரும், சிறு கடைகளுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்தில் இருக்கிறதா என்பதும் வந்துவிடும். காம்போசிஷனில் இருக்கிற கடை வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது. பில்லில் இருக்க வேண்டிய 14 இலக்க எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு உரிம) எண்ணும் காணோம்.

இனி வைன். மெனுவில் "கியான்டி கிளாசிகோ, டேபிளுக்கு ஒரு பாட்டில்" என்று இருக்கிறது. வந்தது கண்ணாடி ஜக்கில், ஐஸ் மிதக்க. கேட்டிருக்கிறார்கள்:

"தம்பி, பாட்டில கொண்டாங்க, ஒரு தடவ பாத்துக்கிடுதோம்."

"பாட்டில் முடிஞ்சிட்டு அண்ணாச்சி, ஜக்குல மாத்தியாச்சு."

பாட்டில் முடிந்தால் காலி பாட்டில் இருக்குமே, அதையாவது காட்டலாமே. அதற்குப் பதில் இல்லை.

கியான்டி கிளாசிகோ டஸ்கனியில் புளோரன்சுக்கும் சியனாவுக்கும் நடுவே விளைவது. குறைந்தது 80 சதவீதம் சாஞ்சியோவேசே திராட்சை இருக்க வேண்டும். அந்தத் திராட்சையின் வைன் மாணிக்கச் சிவப்பில், கிளாஸைச் சாய்த்தால் அடியில் விரல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். நாக்கில் புளிப்பு, பிறகு ஈறில் லேசான துவர்ப்பு. இனிப்பு இருக்காது. ஜக்கில் இருந்ததோ கருநீலத்தில் கலங்கலாக, பாகு மாதிரி இனிப்பாக, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதும் கிராம்பும் பட்டையும் வாசம் அடித்திருக்கிறது. பாளையங்கோட்டையில் டிசம்பர் மாதம் நாலு வீடு ஏறி இறங்கியவர்களுக்கு இது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பன்னீர் திராட்சை, சீனி, ஈஸ்ட், ஒரு கை கோதுமை, பட்டை, கிராம்பு போட்டு ஜாடியில் ஊற வைக்கிற கிறிஸ்துமஸ் வைன்.

வீட்டு வைன் மேல் ஒரு குறையும் இல்லை. கேக்கோடு அரை கிளாஸ் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? அதை இத்தாலி என்று சொல்லி விற்பது மோசடி. உரிமம் இல்லாமல் விற்பதே குற்றம். பழத்தை நொதிக்க வைத்ததால் மட்டும் அது விஷமாகிவிடாது. ஆனால் காட்டம் போதவில்லை என்று மேலே எதை ஊற்றினார்கள் என்பது ஜக்கைப் பார்த்துத் தெரியாது. மூடி திறக்காத பாட்டிலைக் கேட்பதற்கு முதல் காரணம் அதுதான், ருசி இரண்டாவது.

முறையாகச் செய்கிற இடத்தில் பாட்டில் மூடியபடியே டேபிளுக்கு வரும். லேபிளைக் காட்டி, பெயரும் ஆண்டும் மெனுவோடு ஒத்துப்போகிறதா என்று உங்களைப் பார்க்கவிட்டு, கண்ணெதிரே கழுத்துத் தாளை வெட்டி, கார்க்கை எடுத்து, முதலில் ருசி பார்க்க ஒரு வாய் ஊற்றுவார்கள். கியான்டி கிளாசிகோ என்றால் பாட்டிலில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும், கழுத்தில் டி.ஓ.சி.ஜி. (இத்தாலியின் உயர்தரச் சான்று) என்று வரிசை எண்ணோடு அரசுப் பட்டை ஒட்டியிருக்கும். இந்தியாவுக்கு முறையாக வந்த பாட்டிலில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், உடல்நல எச்சரிக்கை எல்லாம் இருக்க வேண்டும். இவை ஒன்றும் இல்லாத பாட்டிலைத் திறக்கவிடாதீர்கள்.

அளவு இன்னொரு ஓட்டை. ஒரு பாட்டில் 750 மில்லி, 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். இங்கே வந்த ஜக்கு அரை லிட்டர்தான், அதிலும் ஐஸ் பாதி. நாலு பேருக்கு ஆளுக்கு 60 மில்லி சொச்சம்தான் வரும். சிவப்பு வைனை 16 முதல் 18 டிகிரியில் கொடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அறைச் சூடு என்பது 30-க்கு மேல் என்பதால் பாட்டிலைக் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைப்பது சரிதான், ஆனால் கிளாஸில் ஐஸ் போட்டால் தண்ணீர் குடித்த கணக்குத்தான். கிளாஸ் கணக்கில் வாங்கினால் பாட்டில் என்றைக்குத் திறந்தது என்று கேளுங்கள். கார்க் போட்டு பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். கவுண்டரில் வைத்தால் சீக்கிரமே காடி வாசம் வந்துவிடும். நாசிக் வைனை நாசிக் வைன் என்று சொல்லி ஊற்றினால் அது நல்ல கடை. மகாராஷ்டிரத்திலேயே சாஞ்சியோவேசே போட்டு வைன் செய்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

சாப்பாட்டில் பொய் வேறு மாதிரி. "விறகு அடுப்பு நேப்பிள்ஸ் பீட்சா" என்று மெனு. அந்த முறையில் அடுப்பு 430 டிகிரிக்கு மேல் இருக்கும், பீட்சா 60 முதல் 90 வினாடியில் வெந்துவிடும். ஓரம் உப்பி, ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்திருக்கும். போட்டோவில் இருக்கிற பீட்சாவைத் திருப்பிப் போட்டால் அடிப்பக்கம் வெள்ளை வெளேர் என்று, வரிசை வரிசையாக முள் குத்திய துளைகள். கடையில் பாக்கெட்டில் விற்கிற ரெடிமேட் பேஸ் அது. மேலே இருக்கிற சீஸ் பால் சீஸா, பாமாயிலில் செய்த அனலாக்கா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். ஆறியபின் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி படிந்தால் சந்தேகப்படலாம். பாக்கெட்டில் அனலாக் என்று அச்சடித்தே ஆக வேண்டும் என்பதால், பாக்கெட்டைக் காட்டச் சொல்வதுதான் ஒரே வழி.

கார்பொனாரா பாஸ்தாவில் கிரீம் கிடையாது. முட்டை மஞ்சள் கரு, பெக்கரீனோ சீஸ், மிளகு, பன்றிக் கன்னக் கொழுப்பு, பாஸ்தா வேகவைத்த தண்ணீர், அவ்வளவுதான். அடுப்பிலிருந்து இறக்கித்தான் முட்டையைச் சேர்க்க வேண்டும்; சூடு கூடிப்போனால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். அந்தக் கைப்பக்குவம் இல்லாத சமையலறை கிரீமையும் மைதாவையும் ஊற்றிச் சமாளிக்கும். இங்கே அதுதான் நடந்தது. கொழுப்புக்குப் பதில் சிக்கன் சாசேஜ். அதை மெனுவில் சொல்லவும் இல்லை. பாஸ்தா மதியமே வேகவைத்து எண்ணெய் தடவி வைத்தது. தட்டின் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்பதும், சாஸ் ஒட்டாமல் வழுக்கி இறங்குவதும் அதற்கு அடையாளம். ஒரு ஆளுக்கு 100 கிராம் காய்ந்த பாஸ்தா, ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது கணக்கு. வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் எடை வரும். தட்டில் ஒரு கைப்பிடிதான் இருந்தது.

ரிசோட்டோ (இத்தாலிக் குழைவுச் சாதம்) அம்பை 16 அரிசியில் என்று பரிமாறியவரே சொல்லிவிட்டார். குண்டு அரிசிதான், ஆனால் இத்தாலியின் ஆர்போரியோ அரிசி மாதிரிப் பசை விடாது, அதனால்தான் அதிலும் கிரீம். "அம்பாசமுத்திரம் ரிசோட்டோ" என்று பெயர் போட்டு நேராக விற்றிருந்தால் நாங்களே போய்ச் சாப்பிட்டிருப்போம்.

சைவக் குடும்பங்கள் கவனிக்க: மெனுவில் "சுத்த சைவம்" என்று போட்ட பாஸ்தாவிலேயே "பார்மிஜானோ ரெஜ்ஜியானோ" என்றும் இருக்கிறது. அந்தச் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னட்டால் உறைய வைப்பது. ஆக இரண்டில் ஒன்று பொய்.

லைவ் மியூசிக்குக்கு போஸ்டரில் மாண்டலினும் அக்கார்டியனும். மேடையில் ஒரு கீபோர்டு, ஒரு பாடகர், பக்கத்தில் லேப்டாப். டிரம்ஸ் சத்தம் கேட்கிறது, டிரம்மர் இல்லை. வாசிப்பவர் இரண்டு கையையும் எடுத்துத் தண்ணீர் குடிக்கிறார், பாட்டு நிற்கவில்லை. முன்னாலேயே பதிவு செய்த பின்னணி இசை, அதாவது மைனஸ் ஒன் டிராக். இத்தாலி மெட்டு இரண்டு, மற்றதெல்லாம் சினிமாப் பாட்டு. வந்தவர்கள் உள்ளூர் மெல்லிசைக் குழுப் பையன்கள், அவர்களைத் திட்டாதீர்கள். இத்தாலி என்று அவர்களிடம் யாரும் சொல்லவே இல்லையாம்.

சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. "இதை எடுத்துவிட்டுப் பில் போடுங்கள்" என்று சொன்னால் போதும். மறுத்தால் அங்கே உட்கார்ந்தபடியே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள்.

முன்பணம் கேட்டால், அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: மது உரிமம் இருக்கிறதா, வைன் எந்தப் பெயர், எந்த ஆண்டு, எத்தனை மில்லி, பாட்டிலை டேபிளில் திறப்பீர்களா, பில் பிரித்து வருமா, யார் யார் என்ன வாசிக்கிறார்கள், நாங்கள் வராவிட்டால் பணம் திரும்ப உண்டா. ஜிபேயில் தெரிகிற பெயர் கடைப் பெயராக இல்லாமல் தனி ஆள் பெயராக இருந்தால் அனுப்பாதீர்கள். இந்த இரண்டு ஜோடிகளின் பணமும் அப்படித்தான் போயிருக்கிறது, அதனால் கடை இப்போது "எங்களுக்கு முன்பணமே வரலை" என்கிறது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. மெனு போட்டோ, போஸ்டர், ஜிபே ஸ்கிரீன்ஷாட், பில் நாலும் வேண்டும். பில் தெர்மல் பேப்பரில் வருவது, இந்த வெயிலில் பர்ஸுக்குள் இருந்தே எழுத்து மங்கிவிடும், அதனால் கடையை விட்டு இறங்கும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள்.