ஆர்ஜினைனா, சிட்ருல்லினா: ரத்தக் குழாய்க்கு எது போய்ச் சேருகிறது?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஜிம்களில் 'பம்ப் வரும் அண்ணே', அதாவது தசை புடைக்கும், என்று நீட்டுகிற டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் எல்-ஆர்ஜினைன் அல்லது சிட்ருல்லின் மாலேட் என்று எழுதியிருக்கும். ஆர்ஜினைன், சிட்ருல்லின் என்ற இந்த இரண்டு அமினோ அமிலங்களும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கூட்டி ரத்தக் குழாயை விரிக்கும் என்பது விற்பவர் சொல்லும் கணக்கு.

அடிப்படை அறிவியலில் பொய் இல்லை. குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் செல்களில் ஒரு நொதி இருக்கிறது. அது ஆர்ஜினைனையும் ஆக்சிஜனையும் சேர்த்து நைட்ரிக் ஆக்சைடு செய்கிறது. மிச்சமாக சிட்ருல்லின் விழுகிறது. சில விநாடிகளே தாங்கும் அந்த வாயு, அதற்குள் பக்கத்துத் தசைச் செல்லில் நுழைந்து அதைத் தளர்த்திவிடும். இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998-ல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

அப்படியென்றால் மூலப்பொருளான ஆர்ஜினைனையே விழுங்கலாமே? வழியில் ஆள் இருக்கிறது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஆர்ஜினேஸ் என்ற நொதி அதில் கணிசமான பங்கை உடைத்து யூரியா பக்கம் தள்ளிவிடும். ஒரே வேளையில் 10 கிராம் அளவுக்குப் போனால் பலருக்கு வயிறும் கலங்கும். சிட்ருல்லினைக் கல்லீரல் பெரும்பாலும் தொடாமல் விடுகிறது. அது சிறுநீரகத்துக்குப் போய் அங்கே ஆர்ஜினைனாக மாறி ரத்தத்துக்குத் திரும்புகிறது. அதனால் ரத்தத்தில் ஆர்ஜினைன் அளவை உயர்த்துவதில், ஆர்ஜினைனைவிட சிட்ருல்லினே கெட்டி. வேடிக்கைதான், ஆனால் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

ரத்தத்தில் அளவு ஏறிவிட்டால் குழாய் விரிந்துவிடுமா? அது வேறு கேள்வி. ஆரோக்கியமான செல்லுக்குள் அந்த நொதிக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு ஆர்ஜினைன் ஏற்கெனவே கிடக்கிறது. நல்ல உடம்புள்ள இருபது வயதுப் பையனுக்கு டப்பா பெரிதாக ஒன்றும் செய்யாமல் போக இதுவே காரணம். பயன் தெரிந்தால், அந்த நொதியைத் தடுக்கும் ஏடிஎம்ஏ என்ற பொருள் ரத்தத்தில் கூடுதலாக உள்ளவர்களிடம் தெரியலாம்.

மாரடைப்பு வந்தவர்கள் ஆர்ஜினைன் பக்கமே போகவேண்டாம். அமெரிக்காவில் 153 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியான ஆய்வில், தினமும் 9 கிராம் ஆர்ஜினைன் எடுத்த குழுவில் 6 பேர் இறந்தார்கள். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இல்லை. புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சாப்பாட்டில் பார்த்தால் ஆர்ஜினைன் நமக்குப் பஞ்சமில்லை. அண்டிப்பருப்பில் (முந்திரி) 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம், நிலக்கடலையில் 3 கிராம். சாளையும் நெத்திலியும் தினசரி வரும் வீட்டுக்கு டப்பா எதற்கு? சிட்ருல்லினுக்குத் தர்பூசணி, ரகத்தைப் பொறுத்து ஒரு கிலோ சதையில் 1 முதல் 3 கிராம். சிவப்பைத் தின்றுவிட்டு எறிகிற வெள்ளைத் தோட்டிலும் உண்டு, துவரன் வைக்கலாம்.

கீரையும் பீட்ரூட்டும் தனி வழி. அவற்றின் நைட்ரேட்டை வாயிலுள்ள பாக்டீரியா நைட்ரைட்டாக்க, உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு எடுத்துக்கொள்ளும். கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு தினமும் கொப்பளிப்பவர்களுக்கு இந்த வழி அடைபடும்.

என் கை பணம் கொடுத்தால் சிட்ருல்லினுக்குத்தான் கொடுக்கும், அதுவும் தர்பூசணி கிடைக்காத மாதங்களில். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைப்பவர்களும் பிரஷர் மாத்திரை போடுபவர்களும் இரண்டு டப்பாவையும் டாக்டரிடம் காட்டாமல் திறக்கக்கூடாது. பிரஷர் மளமளவென்று இறங்கிவிடலாம்.